மாரிக்கனியின் வெயில்

எங்கள் ஊரின் பெயரைச் சொன்னால் நீங்கள் வரைபடத்தை விரித்துத் தேடத் தொடங்கிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. நோர்வேயில் வடக்கே போய், இன்னும் வடக்கே போய், இனி எனக்கு ஏலாது என்று ரோடே சலித்துப்போய்க் கடலுக்குள் இறங்குகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் சூரியன் மலைக்குப் பின்னால் போனதென்றால், மார்கழி முழுக்க எட்டிப் பாராமல், தை பிறந்து, பொங்கலும் முடிந்து, எல்லோரும் மறந்துபோன பிறகு ஆற அமரத்தான் திரும்பி வரும். அப்படிப்பட்ட ஊரில், நடு மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பவளராணி வீட்டுச் சின்ன அறையில் வெயில் அடித்தது.

நாங்கள் என்றால் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருப்போம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருக்க விடாததால் புறப்பட்டு, ஒருவன் வந்து மற்றவனைக் கூப்பிட, அவன் மச்சானைக் கூப்பிட, மச்சான் பெண்சாதியைக் கூப்பிட, இப்படியே வந்து இந்தத் தொழிற்சாலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டவர்கள். ஆண்கள் மீன் வெட்டுவார்கள், பெண்கள் வெட்டின மீனை அடியில் விளக்கு எரிகிற வெளிச்ச மேசையில் பரப்பி முள்ளும் புழுவும் பார்த்து எடுப்பார்கள். நல்ல சனம்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒரு வீட்டுக் கறியில் உப்புக் கூடினால் அடுத்த ஷிப்ட் முடிவதற்குள் ஊருக்கே நாக்குக் கரிக்கும்.

பவளராணியும் அவள் புருஷன் கேதீஸ்வரனும் எங்களில் அமைதியானவர்கள். யார் எதைக் கேட்டாலும் பவளம் சொல்லும் மறுமொழி “சரி அக்கா” என்பது மட்டும்தான். ஷிப்ட் மாறச் சொன்னால் சரி அக்கா, விசேஷத்துக்கு நூறு மீன் ரோல் சுடச் சொன்னால் சரி அக்கா. பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, நேர்த்தி வைத்து, விரதம் பிடித்து, கடைசியில் ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தபோது இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முதலில் வன்னியில் சண்டையில் தாய் தகப்பனை இழந்த ஒரு பிள்ளையை எடுக்கத்தான் ஆசைப்பட்டார்கள். அதற்கு வழியே இல்லை என்று ஆனதும் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் காத்திருந்த காத்திருப்பை எழுதினால் அதுவே ஒரு கதையாகிவிடும். அதிகாரிகள் வந்து வீட்டைப் பார்த்தார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், உங்களுக்குள் சண்டை வந்தால் யார் முதலில் கதைப்பது என்று கேட்டார்கள், அதற்கு இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் காட்டினார்கள். ஒரு நாள் படம் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்தின் நீலச் சுவருக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் நிற்கும் ஒரு பெண்பிள்ளை. பெயர் மாரிக்கனி. பவளம் அந்தப் படத்தை வைத்து அளவு பிடித்துப் பனிச்சட்டை வாங்கினாள். நீதிமன்றத்தில் தவணைமேல் தவணை போட்டார்கள். சட்டையை விடப் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று அடுத்த படத்தில் தெரிந்தது. பெரிய அளவில் இன்னொன்று வாங்கினாள். அதுவும் பத்தாமல்போன பிறகுதான் தீர்ப்பு வந்தது.

நாங்கள் இதற்கிடையில் சும்மா இருந்தோமா? இல்லை. யாருடைய பிள்ளையோ, என்ன சாதியோ, ஐந்து வயது முடிந்த பிள்ளை இனி ஒட்டுமோ என்று ஆளுக்கொரு பக்கம் வாயை மென்றோம். அதிலும் தங்கேஸ்வரி அக்கா, இந்த ஊருக்கு முதலில் வந்த பெண் என்பதால் எல்லாவற்றிலும் முதல் சொல் தன்னுடையது என்று நினைப்பவர், “ஊட்டி வளர்த்தாலும் ஒருநாளைக்கு அது தன்ர ஊரைத் தேடிக்கொண்டு போகத்தான் போகுது, சொல்லிப்போட்டன்” என்று மதியச் சாப்பாட்டு மேசையில் பவளத்துக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். பவளம் அதற்கும் சரி அக்கா என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அம்மா என்று ஒரு பிள்ளை கூப்பிடுவதைக் கேட்க எத்தனையோ வருஷம் காத்திருந்த பவளத்துக்கு, தூத்துக்குடியில் அந்த இல்லத்தின் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அது கிடைத்துவிட்டது. பிள்ளை நேராக வந்து, கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம் அம்மா” என்றாள். பவளம் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் போனபிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த இல்லத்தில் பெரிய பெண்கள் எல்லோருமே அம்மாதான். சோறு போடுகிறவள் சமையலம்மா, ஊசி போட வருகிறவள் ஊசியம்மா, இரவில் பெரிய கூடத்தில் பிள்ளைகளோடு படுப்பவள் ராத்திரியம்மா. பவளம் நார்வேயம்மா. விமானத்தில் பழரசம் கொடுத்த பெண்ணையும், ஒஸ்லோவில் கடவுச்சீட்டு பார்த்த பெண்ணையும், எங்கள் ஊர் விமான நிலையத்துக்கு விடுப்பும் வேடிக்கையும் பார்க்கப் போயிருந்த தங்கேஸ்வரி அக்காவையும் மாரிக்கனி அதே மரியாதையோடு அம்மா என்றாள். தங்கேஸ்வரி அக்கா உருகிப்போனார். பவளம் பக்கத்தில் நின்று பெட்டியைத் தூக்கினாள்.

இப்படி ஒரு நல்ல பிள்ளையை நாங்கள் கண்டதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். போர்வையைத் தானே மடித்தாள். எதைப் போட்டாலும் சாப்பிட்டாள், எதுவும் கேட்கவில்லை, குளிர் என்று சொல்லவில்லை, இருட்டு என்று பயப்படவில்லை. குளியலறைக்கு வெளியே, முன்னால் யாரும் இல்லாவிட்டாலும், வரிசையில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவாள். தங்கமான பிள்ளை, பவளம் கொடுத்து வைத்தவள் என்று நாங்கள் சொன்னோம்.

வந்த மூன்றாம் நாள்தான் வெயில் வந்தது. வெளியே நாள் முழுக்க இருட்டு, ஜன்னல் கண்ணாடியில் பனி ஒட்டியிருந்தது. பவளம் பாலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது பிள்ளை நிலத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், அவள் மடியிலும் தலையிலும் சுவரிலும் கண் கூசுகிற வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அது ஜன்னலால் வரவில்லை. ஜன்னல் தன்பாட்டில் கறுப்பாக இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து சரிந்து வந்து, கட்டிலில் ஏறி, அலுமாரியில் முறிந்து, கதவைத் திறந்தபோது வாசற்படி வரைக்கும் வந்து அங்கே நின்றுவிட்டது. லேசாக உப்பு மணத்தது.

“வெயிலு வந்துட்டு” என்றாள் மாரிக்கனி, தபால்காரன் வந்துவிட்டான் என்பது போல.

பவளம் கையை நீட்டிப் பார்த்தாள். சுட்டது. எங்கள் பெண்கள் எந்த அதிசயத்தைக் கண்டாலும் முதலில் செய்வதைத்தான் அவளும் செய்தாள், ஓடிப்போய் ஈரம் பிடித்த தலையணைகளை எடுத்து வந்து காயப்போட்டாள். பிறகு புருஷனுக்குத் தொலைபேசி எடுத்து, அறைக்குள் வெயில் அடிக்கிறது என்று சொன்னாள். மீன் வெட்டுகிற கையோடு பேசிய கேதீஸ், சுவர்ப் பூச்சு மங்கிவிடும், திரைச்சீலையை இழுத்துவிடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான்.

அது அந்தப் பிள்ளையின் ஊர் வெயில் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நாங்கள் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும்போது அந்த அறையில் விடியும், எங்கள் மதியச் சாப்பாடு செமிப்பதற்கு முன்பே அங்கே பொழுது சாயும். பவளம் வேலையிலிருந்து நீண்ட விடுமுறை எடுத்து, பிள்ளையோடு சேர்ந்து தூத்துக்குடி நேரத்துக்கு எழும்பித் தூத்துக்குடி நேரத்துக்குப் படுத்தாள். சில நாள் அறைக்குள் மப்பும் மந்தாரமுமாக இருக்கும், மண் நனைந்த வாசம் வரும். அங்கே மார்கழி மழை என்று அர்த்தம்.

இனி எங்கள் கதை. செய்தி கேட்ட அன்றைக்கே தங்கேஸ்வரி அக்கா படியேறி வந்தார். வெறுங்கையோடு இல்லை, மோரில் ஊறவைத்த மிளகாய் ஒரு தட்டு நிறைய. இந்த ஊரில் மோர்மிளகாயை வெதுப்பி அடுப்பில் வைத்துத்தான் காயவைப்போம், அது காயாது, அவியும். அக்காவின் மிளகாய் அந்த அறையில் இரண்டு வெயில் கண்டு சரசரவென்று காய்ந்தது. அதற்குப் பிறகு யாரைப் பிடித்து நிறுத்த முடியும்? வேப்பம்பூ வடகம் வந்தது, வறுத்த மிளகாய்த்தூள் வந்தது, அரிசிமா வந்தது, வருஷக் கணக்காக வெயில் காணாத கல்யாணக் கூறைச்சேலைகள் வந்தன. உலகமெல்லாம் மீன் காயவைத்து அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு ஒரு துண்டு ருசியான கருவாட்டுக்கு ஏங்கிக் கிடந்த எங்கள் ஆண்கள் கருவாடு போட்டார்கள். பிள்ளையின் அறையில் கருவாடா என்று பவளம் கேட்டிருக்கலாம். அவள் சரி அண்ணை என்றாள்.

வெள்ளைக்காரரும் விடவில்லை. கீழ் வீட்டு ஊலாவ், மனைவி செத்தபின் யாரோடும் பேசாமல் இருந்த கிழவர், தன் வீட்டு உட்கூரை சூடாகிறது என்று முறைப்பாடு சொல்ல வந்தவர், அடுத்த நாள் அரைக்காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் மடக்கு நாற்காலியுமாக வந்து கருவாட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்தார். கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம் கூடி, வெயில் பொதுச் சொத்தா தனிச் சொத்தா என்று விவாதித்து, காப்பி குடித்துக் கலைந்தது. நகரசபையிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து அளந்து, சூடு உண்டு, ஆபத்து இல்லை, காரணம் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி வைத்துக் கொஞ்ச நேரம் கால் காய்ந்தார். தத்தெடுத்த பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்த பெரித் என்ற பெண் அதிகாரி, கோட்டைக் கழற்றி, முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டே, பிள்ளை அருமையாகப் பொருந்திவிட்டாள், ஒரு குறையும் இல்லை என்று பாராட்டினார்.

மாரிக்கனி எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தாள். ஒரு அகப்பைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு வடகத்துக்குக் காவல் காத்தாள். இங்கே காகம் வராது பிள்ளை என்று சொன்னால், “வெயிலு வந்தா காக்கா வரும்லா” என்பாள். தட்டுக்கு இடம் போதாமல் போகும்போது நாங்கள் “கொஞ்சம் தள்ளு பிள்ளை” என்போம், அவள் உடனே தள்ளுவாள். இன்னொருவர் வந்து தள்ளச் சொன்னால் இன்னும் தள்ளுவாள். வெயில் நகர நகரத் தட்டுகள் நகரும், தட்டுகள் நகர நகரப் பிள்ளை நகருவாள், பொழுது சாயும்போது பார்த்தால் அவள் சுவர் மூலையில் நிழலில் நின்றுகொண்டிருப்பாள்.

பவளத்துக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. பிள்ளை இல்லாத வீடு என்று படியேறாத சனம் எல்லாம் இப்போது கதவடைக்க விடாமல் வருகிறதே. ஆனால் தைக்குக் கிட்டவாக ஒரு நாள், கீழே படியில் பனி உறைந்திருந்ததில் மாரிக்கனி வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து காற்சட்டையில் இரத்தம் ஊறியது. பவளம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். பிள்ளை எழும்பி, நீட்டின கைகளைப் பார்த்து, அவற்றுக்குப் பக்கத்தால் நடந்து, மேலே போய், குழாயைத் திறந்து, முழங்காலைக் கழுவி, துணியைத் தேடிக் கட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அன்று கேதீஸ் வேலை முடிந்து வந்தபோது பவளம் குசினியில் அடுப்பை மூட்டாமல் நின்றாள்.

“அவள் அழேல்லை” என்றாள். “நான் கையை நீட்டிக்கொண்டு நிண்டனான். ‘ஒண்ணுமில்லம்மா’ எண்டு எனக்கு ஆறுதல் சொல்லிப்போட்டுப் போறாள்.”

கொஞ்ச நாள் போகட்டும், தைரியமான பிள்ளை என்று கேதீஸ் சமாதானம் சொன்னான்.

“தைரியமில்லையப்பா. அழுதால் ஆரும் வருவினம் எண்டு அவளுக்குத் தெரியாது. எங்கட வீடு அவளுக்கு இன்னொரு விடுதி. நாளைக்கு இதைவிடப் பெரிய விடுதியிலயிருந்து ஆள் வந்தால், தட்டைக் கழுவி வைச்சுப்போட்டு, நன்றி அம்மா எண்டு சொல்லிப்போட்டு, அவையோட லைனில போய் நிப்பாள். அவளுக்கு அந்த வெயில் மட்டும்தான் சொந்தம். நாங்கள் ஆரோதான்.”

கேதீஸ் பாணை எடுத்துத் துண்டு போட்டான். இருவரும் அன்றைக்குப் பாணும் சீனியும் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

பொங்கல் வந்தது. உலகத்தில் சூரியனே இல்லாமல் சூரியனுக்குப் பொங்குகிற சனம் எங்களைப்போல் வேறு எங்கே உண்டு என்று எனக்குத் தெரியாது. வருஷா வருஷம் விளையாட்டு மண்டபத்தில், நெருப்பு மூட்டக் கூடாது என்பதால் மின்சார அடுப்பில், கிழக்குப் பக்கச் சுவரில் ஒட்டின காகிதமட்டைச் சூரியனைப் பார்த்துப் பொங்குவோம். அதற்குக் கண் மூக்கு வைத்துக் கீறினவன் கேதீஸ்தான், கொஞ்சம் தங்கேஸ்வரி அக்காவின் சாயல் இருக்கும். இந்த வருஷம் அக்கா சொன்னார், உண்மைச் சூரியன் பவளத்தின் வீட்டில் இருக்கும்போது மட்டைக்கு ஏன் படைக்கவேணும் என்று. ஊரே தலையாட்டியது. பவளத்திடம் கேட்டபோது அவள் பிள்ளையின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சரி அக்கா என்றாள்.

காலையில், அதாவது வெளியே இருட்டாகவும் அறைக்குள் உச்சி வெயிலாகவும் இருந்த நேரத்தில், நாங்கள் எல்லோரும் பட்டும் வேட்டியும் அதற்கு மேல் பனிச்சட்டையுமாகப் படியேறினோம். வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. கட்டிலைத் தூக்கி நடையில் வைத்தார்கள். பலகைத் தரையில் மாக்கோலம் போட்டு, ஒஸ்லோவிலிருந்து வந்த ஒற்றைக் கரும்பை இரண்டாக முறித்து இரு பக்கமும் சாத்தி, மின்சார அடுப்பை வைத்துப் பானையை ஏற்றினார்கள். மாரிக்கனிக்குப் பட்டுப்பாவாடை கட்டி விட்டிருந்தது. கோலத்துக்குத் தள்ளு பிள்ளை என்றார்கள், தள்ளினாள். கரும்புக்குத் தள்ளு என்றார்கள், தள்ளினாள். ஊலாவின் நாற்காலிக்குத் தள்ளு என்றார்கள், தள்ளினாள். கடைசியில் அறைக்குள் நிற்க இடமில்லாமல் நடையில், தன் கட்டிலுக்கும் எங்கள் கோட்டுகளுக்கும் நடுவில் நின்றாள்.

பால் கொதிக்கத் தொடங்கி, எல்லோரும் பானையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் எங்கள் கால்களுக்கு நடுவால் நுழைந்து வந்து, கோலத்தை அழித்துக்கொண்டு, வெயில் விழுகிற இடத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்தாள்.

“எழும்பு ராசாத்தி, பானை பொங்கப்போகுது” என்றார் தங்கேஸ்வரி அக்கா.

“மாட்டேன்.”

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை என்பதால் சிலர் சிரித்தார்கள். அக்கா குனிந்து அவளைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார். அப்போதுதான் அவள் கத்தினாள். அது ஒரு சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள் இருக்கக்கூடிய சத்தமாக இல்லை. காலால் உதைத்தாள், சர்க்கரைத் தட்டு பறந்தது, அக்காவின் கைக் கடிகாரத்தைப் பிடித்து இழுத்தாள், அக்கா அவளைக் கீழே விட்டதும் பலகையில் குப்புற விழுந்து கையாலும் தலையாலும் தரையை அடித்தாள். “இது என் வெயிலு. யாருக்கும் தர மாட்டேன். எல்லாரும் போங்க. அம்மா, இவங்களப் போகச் சொல்லு. அம்மா.”

எங்களுடைய கண் முழுக்கப் பிள்ளையில் இருந்ததால் பால் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை, பொங்கலோ பொங்கல் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. வழிந்த பால் மின்கம்பிக்குள் போய், பியூஸ் எரிந்து, கட்டடம் முழுக்க விளக்கு அணைந்தது. அந்த அறை மட்டும் பளீரென்று இருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் பவளத்தைத் திரும்பிப் பார்த்தோம். நல்ல நாளில் இப்படி ஒரு அமங்கலமா, பிள்ளையை அடக்கு பவளம் என்று அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். பவளம் என்ன சொல்லுவாள் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

“அக்கா, பானையைத் தூக்குங்கோ” என்றாள் பவளம். “எல்லாரும் வெளிக்கிடுங்கோ. என்ர பிள்ளை அழுகிறாள்.”

“எடி, பொங்கல் அரைவாசியில...”

“இண்டைக்கு மட்டுமில்லை அக்கா. இனி ஒருத்தரும் இந்த அறைக்குள்ள தட்டோட வரவேண்டாம். பிள்ளையைப் பாக்க வாறதெண்டால் வாங்கோ.”

என்ன செய்வது, போனோம். கரும்பையும் கருவாட்டையும் ஊலாவின் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு, இருட்டுப் படியில் ஒருவர் சேலையை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கி, அரைவேக்காட்டுப் பானையோடு விளையாட்டு மண்டபத்துக்குப் போய், மட்டைச் சூரியனைத் தேடிப் பிடித்து ஒட்டி, மீதியைப் பொங்கினோம். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என்ன வாய் அவளுக்கு என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஆனால் மண்டபத்தில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை, ஏனென்றால் அந்த அழுகை தெருமுனை வரைக்கும் எங்களோடு வந்திருந்தது.

மற்றதெல்லாம் பவளம் பிறகு எங்களுக்குச் சொன்னது. பிள்ளை அழுதாள். கரும்புக்காகவும் கோலத்துக்காகவும் அழத் தொடங்கி, படியில் விழுந்த முழங்காலுக்காக அழுது, விமானத்தில் காது அடைத்ததற்காக அழுது, வழியனுப்ப வராமல் போன ராத்திரியம்மாவுக்காக அழுது, தன் பாயில் இப்போது படுக்கிற வேறு யாரோ பிள்ளைக்காக அழுது, சமையலம்மா பாதியாகப் பிய்த்துக் கொடுத்த பரோட்டாவுக்காக அழுது, அதற்கும் முன்னால் பெயரும் முகமும் ஞாபகமில்லாத ஒருத்திக்காகவும் அழுதாள். என்னை ஊருக்குக் கொண்டு விடு என்றாள். ஊர் வேண்டாம் என்றாள். உன்னைப் பிடிக்கவே இல்லை, போ என்று பவளத்தின் நெஞ்சில் குத்தினாள். சரி, வெளியே நிற்கிறேன் என்று பவளம் எழும்பினபோது, பிள்ளை சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழாதே என்று பவளம் ஒரு தரமும் சொல்லவில்லை. அவளும் கூட உட்கார்ந்து அழுதாள், இத்தனை நாளும் கல்லு மாதிரி இருந்த பயம் இறங்கிப்போன ஆறுதலில் அழுதேன் என்று சொன்னாள். பியூஸ் மாற்றி விளக்கு வந்தபோது கேதீஸ் வந்து பார்த்தான். அறையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை பவளத்தின் மடியில் வாயைத் திறந்தபடி தூங்க, கால் மரத்துப்போன பவளம் அசையாமல், மூக்கைக்கூடத் துடைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். முதலில் போனவர் தங்கேஸ்வரி அக்காதான், பெரியவர் இல்லையா, ஒரு கிண்ணத்தில் பயத்தம்பணியாரத்தோடு. பிள்ளை அறை வாசலில் வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, “நான் விளையாடுதேன், பெறகு வாங்க” என்று கதவைச் சாத்திவிட்டாளாம். அக்கா அதை எல்லோரிடமும் குறையாகச் சொன்னார், நன்றாகச் சிரித்துக்கொண்டு சொன்னார். அதன் பிறகு நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம், தட்டு இல்லாமல். சில நாள் உள்ளே விட்டாள், சில நாள் விடவில்லை. வெயில் மெல்ல மெல்லப் பிந்தி வரத் தொடங்கியது, சில நாள் சுவரில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வந்து போயிற்று. எந்த நாளோடு அது வராமல் விட்டது என்று யாருக்கும் தெரியாது. ஊலாவ் தன் பழைய சறுக்குவண்டியைப் பிள்ளைக்குக் கொடுத்து மலையடிவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போன வாரமாக இருக்கலாம் என்று கேதீஸ் சொல்கிறான். ஒருநாள் அறைக்குள் எதையோ தேடப்போனபோது விளக்கைப் போட வேண்டி வந்தது, அப்போதுதான் கவனித்தானாம். பிள்ளையைக் கேட்டால் தோளைக் குலுக்கினாள்.

பங்குனியில் விடுமுறை முடிந்து பவளம் வேலைக்குத் திரும்பி வந்தாள். மதிய மணி அடித்ததும் பெண்கள் எல்லோரும் நீள மேசையில் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்துகொண்டு வழக்கமான பேச்சுக்கு வந்தோம். மூத்தவன் படிக்கிறான் இல்லை, இளையவள் எதிர்த்துக் கதைக்கிறாள், வயது வந்த மகன் மாதத்துக்கு ஒரு தடவைகூடத் தொலைபேசி எடுக்கிறான் இல்லை என்று, பிள்ளை பெற்றவர்கள் தங்களுக்குள் பெருமையாகப் பரிமாறிக்கொள்கிற முறைப்பாடுகள். இந்தப் பேச்சுத் தொடங்கினால் பவளம் கையைக் கழுவப் போய்விடுவாள், எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அன்றைக்குப் போகவில்லை. கரண்டியை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

“என்ர கனி சொல்வழி கேக்கிறாளே இல்லை” என்றாள். “காலமை பல்லு விளக்கமாட்டன் எண்டு குளியலறையைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கு இருந்தவள். நான் கத்த, அவள் கத்த, கீழ் வீட்டுக்காரன் வந்து தட்ட, இவர் வேலைக்குப் பிந்தி... அதைவிடப் பிட்டு அவிச்சால் இடியப்பம் வேணுமாம், இடியப்பம் பிழிஞ்சால்...”

முகம் முழுக்கச் சிவந்து, கண் நிறைந்து, நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனாள். தங்கேஸ்வரி அக்கா வாங்குப் பலகையில் அரக்கி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு, தன்னுடைய கணவாய்க் கறிப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவைத்து, இது தொடக்கம்தான், இருந்து பார் என்றார். திரும்ப மணி அடித்தது, எல்லோரும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு எழும்பினோம். பவளம் இன்னும் முடிக்கவில்லை, வெளிச்ச மேசை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.